மூன்று மாத ஊசி யார் கையில்?

(சென்னீர்குப்பத்தில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய மன்றத்தின் மேடையில் கருத்தடை ஊசியைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். தலித் எழுத்து உடலைப் பற்றிப் பேசத் தொடங்கிய நாளிலேயே அதற்கு விடை கிடைத்துவிட்டது. களையெடுக்கும் உடல், மலம் அள்ளும் உடல், தொடக்கூடாது என்று தள்ளிவைக்கப்பட்ட உடல் என்று நாம் எழுதியிருக்கிறோம். அந்த உடல்களில் பாதி பிள்ளை பெறும் உடல்கள். எப்போது பெறுவது, எத்தனை பெறுவது, பெறாமலே இருப்பதா என்பதை முடிவு செய்தவர்களில் அந்த உடலுக்கு உரியவள் பெரும்பாலும் இருந்ததில்லை. மாமியார், கணவன், ஊர், மருத்துவமனை, அரசாங்கம் எல்லோரும் இருந்தார்கள்.

இன்று பேச எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியை, ஆரம்ப சுகாதார நிலையத்தோடு நிறுத்தாமல், வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர் மூலம் கொடுக்கலாமா? கொடுத்தால் நம் பெண்களுக்கு நல்லதா? என் விடை ‘கொடுக்கலாம்’ என்பதே. ஆனால் அந்தச் சொல்லோடு சில நிபந்தனைகளைச் சேர்த்தே சொல்கிறேன். அந்த நிபந்தனைகள் எங்கிருந்து வருகின்றன என்பதை விளக்கத்தான் இந்தப் பேச்சு.

‘ஆபரேஷன்’ என்ற ஒற்றை வழி

தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் ‘ஆபரேஷன்’ என்றுதான் பொருள். “ரெண்டோட ஆபரேஷன் பண்ணியாச்சா?” என்றுதான் கேட்போம். 2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். இந்திய அளவில் இது 37.9 விழுக்காடு. ஆண்களின் அறுவை சிகிச்சை தமிழ்நாட்டில் 0.1 விழுக்காடு. பெண்ணின் அறுவையைவிட ஆணின் அறுவை எளிது, ஆபத்தும் குறைவு. இருந்தும் கத்தி அவள் வயிற்றில்தான் விழுகிறது.

இந்தியாவில் பெண்கள் இந்த அறுவையைச் செய்துகொள்ளும் இடைநிலை வயது 26-ஐ ஒட்டி இருக்கிறது. அதாவது 19, 20 வயதில் கல்யாணம், அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள், 26-க்குள் ஆபரேஷன். நடுவில் இடைவெளி விடுவதற்கு என்ன வழி இருந்தது? ஆணுறை கணவன் கையில். மாத்திரையைத் தினமும் நினைவாக விழுங்க வேண்டும், ஒளித்துவைக்கவும் வேண்டும். காப்பர்-டி பிரசவ வார்டில் வைக்கப்படுவது. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையில் குறைந்தது 24 மாதம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. அந்த 24 மாதம் அவர்களுக்கு மூச்சுவிடும் காலம்.

இந்த இடைவெளிக்கு உதவக்கூடிய வழிகளில் ஒன்றுதான் ஊசி. இந்தியாவில் அதைப் பயன்படுத்தும் பெண்கள் 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

ஊசி என்ன செய்கிறது?

மருந்தின் பெயர் மெட்ராக்சிபுரோஜெஸ்ட்ரோன் அசிடேட். சுருக்கமாக டி.எம்.பி.ஏ. என்பார்கள். கடையில் ‘டெப்போ-புரோவெரா’ என்ற பெயரில் வந்தது. அரசுத் திட்டத்தில் ‘அந்தரா’ என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. பெண்ணின் உடலில் சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் போன்ற செயற்கை இயக்குநீர் இது. 150 மில்லிகிராம் மருந்தைக் கையின் மேல்பகுதியிலோ இடுப்பிலோ தசையில் போடுகிறார்கள். அது மெல்ல மெல்லக் கசிந்து மூன்று மாதம் வேலை செய்யும். முட்டை வெளிவருவதை நிறுத்திவைக்கும். கருப்பை வாயின் சளியைக் கெட்டியாக்கி விந்தணு உள்ளே போகாமல் தடுக்கும்.

தேதி தவறாமல் போட்டுக்கொண்டால், ஓர் ஆண்டில் 100 பெண்களில் ஒருவருக்குக்கூட கரு தரிக்காது என்று சொல்லுமளவுக்குப் பயன் தரும். நடைமுறையில் 100-க்கு ஏறத்தாழ 4 பேருக்குத் தரித்துவிடுகிறது. காரணம் பெரும்பாலும் தேதி தவறுவதுதான். குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பும் போடலாம், நான்கு வாரம் பின்பும் போடலாம். அதையும் தாண்டினால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டே போட வேண்டும். இந்த ‘தேதி’ என்பதை நினைவில் வையுங்கள். சுகாதாரப் பணியாளரின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

பெண்கள் பலர் இந்த ஊசியை விரும்புவதற்கு ஒரு காரணம், அது கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் மாத்திரை அட்டை கிடக்காது. குடித்துவிட்டு வரும் கணவனிடம் ஆணுறை போடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. பால் கொடுக்கும் தாய் பிரசவம் ஆகி 6 வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம், பால் குறையாது.

மறைக்கக்கூடாதவை

இனி அடுத்த பக்கம். இதைச் சொல்லாமல் ஊசியை மட்டும் நீட்டுவது ஏமாற்று.

முதலாவது, மாதவிலக்கு ஒழுங்கு மாறும். முதல் சில மாதங்களில் திட்டுத் திட்டாகப் படும், சிலருக்கு நாள் கணக்கில் போகும். பிறகு பலருக்கு நின்றே போகும். ஓர் ஆண்டு தொடர்ந்து போடுகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விலக்கு நிற்கும். இதனால் கெட்ட ரத்தம் உள்ளே தங்குவதில்லை. கருப்பையின் உட்சுவர் தடிக்காததால் வெளியேற ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஆனால் இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அந்தப் பெண் பயந்துபோவாள். விலக்கு நின்றதும் வீட்டில் சந்தேகம் எழும். நிற்காமல் பட்டுக்கொண்டே இருந்தால் ‘தீட்டு’ என்ற பெயரில் ஒதுக்கிவைப்பார்கள்.

இரண்டாவது, எடை கூடலாம். தலைவலி, மனச்சோர்வு சிலருக்கு வரும். மூன்றாவது, எலும்பின் அடர்த்தி குறையும். நிறுத்திய பிறகு பெரும்பாலும் மீளும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் இதற்காகவே மருந்துப் பெட்டியில் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. நான்காவது, நிறுத்திய உடனே கரு தரிக்காது. கடைசி ஊசிக்குப் பிறகு சராசரியாக 7 முதல் 10 மாதம் ஆகலாம். அடுத்த வருடமே பிள்ளை வேண்டும் என்று நினைப்பவளுக்கு இது ஏற்றதில்லை. ஐந்தாவது, பிரான்சில் நடந்த பெரிய ஆய்வொன்று 2024-இல் வெளியானது. இந்த மருந்தை ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு மூளையுறைக் கட்டி வரும் வாய்ப்பு கூடுவதாக அது காட்டியது. அந்தக் கட்டி அரிதானது. ஆனாலும் அறியும் உரிமை நமக்கு உண்டு.

இந்த ஊசி எச்.ஐ.வி.யிலிருந்தும் பால்வினை நோய்களிலிருந்தும் காக்காது. ஊசியால் எச்.ஐ.வி. தொற்று கூடுமோ என்ற அச்சம் நெடுங்காலம் இருந்தது. ஆப்பிரிக்காவில் நான்கு நாடுகளில் நடந்த ‘எக்கோ’ ஆய்வு 2019-இல் அந்த ஐயத்தைப் பெருமளவு போக்கியது.

மார்பகப் புற்றுநோய் உள்ளவர், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர், ரத்த அழுத்தம் 160/100-க்கு மேல் உள்ளவர், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர் ஆகியோருக்கு இது கூடாது.

பெண்கள் இயக்கம் ஏன் எதிர்த்தது?

‘இவ்வளவு பயனுள்ள ஊசியைப் பெண்ணுரிமை பேசுவோரே தடுத்தார்களே’ என்று சிலர் குறை சொல்வதுண்டு. எதிர்ப்பின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் அப்படிச் சொல்லக்கூடாது.

1980-களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ‘நெட்-என்’ என்ற இன்னொரு கருத்தடை ஊசியைச் சோதித்தது. இது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடுவது. 1985-இல் ஆந்திரத்தில் ஐதராபாத்துக்கு அருகே உள்ள படான்சேரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்காகப் பெண்கள் திரட்டப்பட்டார்கள். அங்கே சென்ற ஸ்த்ரீ சக்தி சங்கடனா தோழர்கள், வந்திருந்த ஏழைப் பெண்களுக்கு இது ஒரு சோதனை என்பதே சொல்லப்படவில்லை என்று கண்டார்கள். 1986-இல் ஸ்த்ரீ சக்தி சங்கடனா, சஹேலி முதலிய அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றன. பல ஆண்டு நீண்ட அந்த வழக்கு 2000-இல் முடிந்தது. ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும் இல்லாத இடங்களில் ஊசியைப் பெருந்திரளாகப் போடுவது முறையில்லை என்ற நிலையை அரசு ஏற்றது.

டெப்போ-புரோவெராவின் கதையும் இதற்கு இணையாக நடந்தது. 1993-இல் தனியார் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. 1995-இல் மருந்துகளுக்கான தொழில்நுட்ப ஆலோசனைக் குழு, இதை அரசின் குடும்பநலத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்றது. இருபது ஆண்டு கழித்து, 2015-இல் அந்த நிலை மாறியது. பெண்கள் அமைப்புகள் மீண்டும் எதிர்த்துக் கூட்டறிக்கை விட்டன. 2017-இல் ‘அந்தரா’ தொடங்கியது.

உலக வரலாறும் அச்சம் தருவதுதான். நிறவெறி ஆட்சிக் காலத் தென்னாப்பிரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு இந்த ஊசி பரவலாகப் போடப்பட்டது. பலரிடம் முறையான சம்மதம் பெறப்படவில்லை. எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலுக்குக் குடியேறிய யூதப் பெண்களுக்கு விளக்கமின்றி இந்த ஊசி போடப்பட்டதாக 2012 இறுதியில் தொலைக்காட்சி ஒன்று அம்பலப்படுத்தியது. 2013 சனவரியில், விளைவுகளை உணராத பெண்களுக்கு ஊசியைத் தொடர வேண்டாம் என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் உத்தரவிட்டது. மருந்து ஒன்றுதான். அது எந்தத் தோல் நிறத்தை, எந்தச் சேரியைத் தேடிப் போகிறது என்பதில் அரசியல் இருக்கிறது.

ஊசியை விட்டுவிட்டு ஆபரேஷனைப் பார்த்தாலும் இதே கதைதான். 2014 நவம்பர் 8 அன்று சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் கருத்தடை அறுவை செய்தார்கள். 13 பெண்கள் இறந்தார்கள். அந்தப் பெண்கள் ஏழைகள். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். 2016-இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொன்னது.

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். ‘ஊசியே வேண்டாம்’ என்பது ஒன்று. ‘ஊசி வேண்டும், ஆனால் இப்படி வேண்டாம்’ என்பது இன்னொன்று. முதல் முடிவை எடுத்தால், பணமுள்ள பெண் தனியார் மருத்துவரிடம் போய்ப் போட்டுக்கொள்வாள். அவள் ஏற்கெனவே 1990-களிலிருந்து போட்டுக்கொள்கிறாள். காலனிப் பெண்ணுக்கு ஆபரேஷன் மட்டுமே மிஞ்சும். அதனால் நான் இரண்டாவது முடிவின் பக்கம் நிற்கிறேன்.

வீட்டு வாசலுக்கு வந்தால் என்ன ஆகும்?

சுகாதாரப் பணியாளர் மூலம் ஊசி கொடுப்பது புதிய யோசனை இல்லை. நம் பக்கத்து நாடான வங்கதேசத்தில் மத்லப் என்ற பகுதியில் இது நடந்தது. 1975-இல் அங்கே வீடு வீடாக மாத்திரையும் ஆணுறையும் விநியோகித்தார்கள். தொடக்கத்தில் வாங்கிக்கொண்டார்கள், பிறகு கைவிட்டார்கள். பக்கவிளைவு வந்தால் கேட்க ஆளில்லை, வேறு வழியும் இல்லை. 1977-இல் முறையை மாற்றினார்கள். அந்தந்த ஊரிலேயே வாழும், படித்த, மணமான 80 பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடுகளுக்குச் சென்றார்கள். ஊசி உட்படப் பல வழிகளை முன்வைத்தார்கள், பக்கவிளைவைக் கேட்டு உதவினார்கள். கருத்தடை பயன்பாடு இரண்டு ஆண்டுக்குள் 7 விழுக்காட்டிலிருந்து 30-ஐத் தாண்டியது. பொருளைப் போட்டுவிட்டுப் போவதற்கும் கூட இருந்து கவனிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மத்லப் காட்டியது.

2004–05-இல் உகாண்டாவின் நகசோங்கோலாவில் கிராமப் பணியாளர்கள் போட்ட ஊசியையும் மருத்துவ நிலையச் செவிலியர்கள் போட்டதையும் ஒப்பிட்டார்கள். பணியாளரிடம் போட்டுக்கொண்டவர்களில் 88 விழுக்காட்டினரும் செவிலியரிடம் போட்டுக்கொண்டவர்களில் 85 விழுக்காட்டினரும் இரண்டாவது ஊசிக்கு வந்தார்கள். ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடிப்பது போன்ற பெரிய சிக்கல் இல்லை. 2009 சூனில் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் கூட்டம், முறையான பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர் இந்த ஊசியைப் பாதுகாப்பாகப் போடலாம் என்ற முடிவுக்கு வந்தது.

இதற்கடுத்த படியும் வந்துவிட்டது. தோலுக்கடியில் போடும் 104 மில்லிகிராம் ஊசி, மருந்தும் முனையும் சேர்ந்த சிறு குமிழாக வருகிறது. தொடையிலோ வயிற்றிலோ குத்திக் குமிழை அமுக்கினால் போதும். மலாவியில் நடந்த ஆய்வில், தாங்களே போட்டுக்கொண்ட பெண்களில் 73 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவிலும் தொடர்ந்தார்கள். பிறரிடம் போட்டுக்கொண்டவர்களில் 45 விழுக்காட்டினரே தொடர்ந்தார்கள். நிலையத்துக்கு நடப்பது குறைந்தால் தொடர்வது கூடுகிறது. இந்தியாவிலும் சில மாநிலங்களில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் இந்த வகை ஊசி தொடங்கப்பட்டிருக்கிறது.

நம் பகுதியில் பொருத்திப் பார்ப்போம்

நாம் கூடியிருக்கும் சென்னீர்குப்பம் ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையில் இருக்கிறது. விடியற்காலையில் இந்தச் சாலையில் நின்று பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர் பக்கம் போகும் கம்பெனி பஸ்களும் அம்பத்தூர் எஸ்டேட் போகும் வேன்களும் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். வீட்டுவேலைக்கும் தூய்மைப் பணிக்கும் போகிறவர்கள் தனி. ஒற்றை அறை வாடகை வீடுகளில் ஒடியா, வங்காளம், இந்தி பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளி நேரம் காலை. ஷிப்டில் இருக்கும் பெண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே போய் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகும். வருகைப் போனஸ் இருந்தால் அதுவும் போகும். ‘இலவச’ ஊசியின் விலை அது. தேதி தவறுவதற்குக் காரணம் பெண்ணின் அலட்சியம் என்று நிலையத்தில் சொல்வார்கள். கூலியைக் கணக்கில் எடுத்தால் காரணம் வேறு.

தமிழ்நாட்டில் இதற்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. பிற மாநிலங்களில் 2005-க்குப் பிறகு ‘ஆஷா’ பணியாளர்கள் வந்தார்கள். இங்கே அதற்கு முன்பிருந்தே ‘நர்சம்மா’ என்று நாம் கூப்பிடும் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. தடுப்பூசி போடுவது அவர் கைதான். ‘அந்தரா’ திட்டத்தில் முதல் ஊசிக்கு முன் மருத்துவர் சோதிக்க வேண்டும். அடுத்தடுத்த ஊசிகளைப் பயிற்சி பெற்ற செவிலியர் போடலாம். ஆகவே இரண்டாவது ஊசி முதல் துணை நிலையத்திலோ வீட்டிலோ கிடைக்கச் செய்யத் தடை அறிவியலில் இல்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மகளிர் குழுக்களிலிருந்து வந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். கருத்தடை ஊசி போடுமுன் கட்டாயம் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று ரத்த அழுத்தம். அந்தக் கருவி ஏற்கெனவே அவர்கள் பையில் இருக்கிறது. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய உலகெங்கும் பயன்படும் பட்டியலில் 6 கேள்விகளே உள்ளன. கடைசி விலக்கு எப்போது, சமீபத்தில் பிரசவமோ கருச்சிதைவோ ஆனதா, முழுமையாகப் பால் கொடுக்கிறாரா, உறவு கொண்டாரா, வேறு கருத்தடையைத் தவறாமல் பயன்படுத்துகிறாரா என்பது போன்றவை. எட்டாவது படித்த பெண் இதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள முடியும். ஊசியைச் செவிலியர் போடட்டும். தேதியை நினைவூட்டுவதும் பக்கவிளைவைக் கேட்பதும் தேவைப்பட்டால் அனுப்பிவைப்பதும் தன்னார்வலர் செய்யட்டும். பயிற்சியும் சட்ட அனுமதியும் வந்தபின் ஊசியையும் அவர்களே போடலாம்.

யார் வருகிறார், யாரைத் தொடுகிறார்?

‘சமூக சுகாதாரப் பணியாளர்’ என்கிறோமே, அந்தச் ‘சமூகம்’ எது? ஊரில் இருப்பவர் காலனிக்கு வருவாரா? வந்தாலும் தெருமுனையில் நின்று கூப்பிட்டுவிட்டுப் போவாரா? 2010-இல் சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத்திலும் இராசஸ்தானிலும் தலித் குழந்தைகளிடம் செய்த ஆய்வு இதைத்தான் பதிவு செய்தது. தொடாமல் சோதிப்பது, மருந்தைக் கையில் வைக்காமல் கொடுப்பது, வீட்டுக்குள் வராமல் இருப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. ஊசி என்பது தொட்டே ஆக வேண்டிய வேலை. காலனியிலிருந்து ஒரு பெண் சுகாதாரப் பணியாளராக வந்தால், ஊர்த்தெரு வீடுகள் அவள் கையால் ஊசி போட்டுக்கொள்ளுமா என்பது மறுபக்கக் கேள்வி.

இதற்கு நம் அருகிலேயே ஓர் அனுபவம் இருக்கிறது. 1981-இல் செங்கல்பட்டுப் பகுதியில், திருக்கழுக்குன்றம் வட்டாரத்தில், வயதுவந்தோர் கல்வி மையங்களில் வேலை செய்த 12 தலித் பெண்கள், டி.கே. சுந்தரி ரவீந்திரனோடு சேர்ந்து கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைத் தொடங்கினார்கள். ‘ருவ்செக்’ என்று அறியப்படும் அமைப்பு அது. தங்கள் ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. பிரசவம், கருத்தடை, குடும்ப வன்முறை, கூலி எல்லாவற்றையும் சங்கக் கூட்டத்தில் ஒன்றாகப் பேசியது. பிறகு சொந்தமாக மருத்துவமனையும் நடத்தியது. ஆண்களுக்கும் பயிற்சி கொடுத்தது. அங்கே பணியாளர் அரசின் கடைசிக் கையாக வரவில்லை, பெண்களின் முதல் குரலாக வந்தார். ஊசிக்குப் பணியாளர் வேண்டும் என்று நாம் கேட்கும்போது மனதில் வைக்க வேண்டிய மாதிரி இது.

அம்பேத்கரும் பெரியாரும்

கருத்தடை நமக்கு வெளியிலிருந்து வந்த பேச்சு என்று யாரும் சொல்ல முடியாது. 1938 நவம்பர் 10 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடை வசதிகளை அரசு மக்களுக்குத் தர வேண்டும் என்ற தீர்மானம் வந்தது. அதைத் தயாரித்தவர் அம்பேத்கர். அவர் சார்பில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் பி.ஜே. ரோஹம் முன்வைத்தார். தீர்மானம் தோற்றது. அதற்கு முன்பு 1934-இல், பாலியல் பற்றியும் கருத்தடை பற்றியும் வெளிப்படையாக எழுதிய ஆர்.டி. கார்வேக்காக அம்பேத்கர் நீதிமன்றத்தில் வாதாடினார். பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கர்ப்பத்தடைக்குத் தனிக் கட்டுரையே உண்டு. மற்றவர்கள் தேசத்தின் வறுமைக்காகவும் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் கருத்தடை கேட்டார்கள். பெரியார் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டார்.

இந்த வேறுபாடு இன்றைக்கும் உரைகல். ‘ஏழைகள் அதிகம் பெறுகிறார்கள்’ என்று சொல்லி ஊசியை நீட்டுகிறவர் நம் தோழர் இல்லை. இரண்டு பிள்ளைக்கு மேல் இருந்தால் ஊராட்சித் தேர்தலில் நிற்கக்கூடாது என்ற அரியானா சட்டத்தை 2003-இல் ஜாவேத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இப்போது தமிழ்நாட்டில் காற்று திசை மாறி, தொகுதி மறுவரையறை விவாதத்தில் கூடுதலாகப் பிள்ளை பெறச் சொல்லும் குரல்கள் கேட்கின்றன. குறைத்துப் பெறு என்றாலும் கூட்டிப் பெறு என்றாலும், கணக்கு வேறு யாருடையதோ, கருப்பை அவளுடையது.

நிபந்தனைகள்

ஆகவே ‘கொடுக்கலாம்’ என்ற சொல்லோடு நான் சேர்க்கும் நிபந்தனைகள் இவை.

1. ஊசியை மட்டும் கொண்டுவரும் பணியாளர் வேண்டாம். ஆணுறை, மாத்திரை, காப்பர்-டி, ஆணின் அறுவை எல்லாவற்றையும் விளக்குபவர் வேண்டும். ஒரே வழியை வைத்துக்கொண்டு ‘விருப்பம்’ என்று சொல்ல முடியாது.

2. சம்மதம் பிரசவ வலியில் கேட்கப்படக்கூடாது. தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். ஆகவே பிக்மி எண் பதியும் நாளிலிருந்து பல மாதம் பேச நேரம் இருக்கிறது. அவள் மொழியில், புரியும் சொற்களில், பக்கவிளைவு உட்பட.

3. இலக்கு வைக்கக்கூடாது. 1996-இல் நாடு முழுவதும் கருத்தடை இலக்குகள் கைவிடப்பட்டன. தலைக்கு இவ்வளவு என்று பணியாளருக்கு ஊக்கத்தொகை கொடுத்தால் இலக்கு கொல்லைப்புறமாகத் திரும்பும். ஊசி எண்ணிக்கைக்குப் பணம் தருவதை விட்டு, உழைப்புக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். வீடு வீடாக நடக்கும் பெண்ணைத் ‘தன்னார்வலர்’ என்று அழைப்பது கூலியைக் குறைக்கும் வழி.

4. நிறுத்தும் உரிமை. ஊசி போட்ட பிறகு அதை உடலிலிருந்து எடுக்க முடியாது. அதனால் அடுத்ததை வேண்டாம் என்று சொல்வது எளிதாக இருக்க வேண்டும். ‘ஏன் வரலை?’ என்று அதட்டும் குரல் கூடாது. தொந்தரவு வந்தால் பார்க்க மருத்துவர், மருந்து, பரிந்துரை வழி இருக்க வேண்டும்.

5. இரகசியம். பக்கத்து வீட்டுப் பெண்ணே பணியாளராக வரும்போது இது இரட்டிப்பு முக்கியம். எந்த வீட்டில் என்ன ஊசி என்பது தெருவுக்குத் தெரியக்கூடாது. கணவன் கையெழுத்து கேட்கக்கூடாது.

6. பாதுகாப்பு. ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசி, குத்தாத பெட்டி, அதை நிலையத்துக்குத் திருப்பி எடுக்கும் ஏற்பாடு. அந்தக் கழிவைக் கடைசியில் அள்ளுவதும் நம் ஆட்கள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

7. தேர்வு. காலனிகளிலிருந்தும் புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களிலிருந்தும் பணியாளர்கள் எடுக்கப்பட வேண்டும். அவர்கள் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். யாராவது தொட மறுத்தால், தொட விடாமல் தடுத்தால், அதற்குப் புகார் வழியும் தண்டனையும் வேண்டும்.

செய்ய வேண்டிய வேலை

மாணவர்களிடம் ஒரு வேலையைக் கொடுத்து முடிக்கிறேன். பூவிருந்தவல்லியில் பொது சுகாதார நிறுவனம் இருக்கிறது. சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் இடம் அது. நம் தெருக்களைப் பற்றிய பாடம் அங்கே எப்படி நடத்தப்படுகிறது என்று கேட்டறியுங்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நான்கு கேள்வி கேளுங்கள். அந்தரா ஊசி இருப்பில் இருக்கிறதா? எந்தக் கிழமை, எந்த நேரம் போடுகிறார்கள்? முதல் ஊசி போட்டவர்களில் எத்தனை பேர் இரண்டாவதற்கு வந்தார்கள்? வராதவர்களிடம் காரணம் கேட்கப்பட்டதா? பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

கிடைத்த பதிலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்கோ பகுதி சபைக்கோ போங்கள். சாலையையும் தெருவிளக்கையும் கேட்கும் அதே குரலில், கூலி போகாத நேரத்தில் வரும் செவிலியரையும் காலனிக்குள் வரும் பணியாளரையும் கேளுங்கள். கேட்கும்போது ஆண்கள் பின்வரிசையில் உட்காருங்கள், பெண்கள் பேசட்டும். பேசி முடித்ததும் ஆண்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த 0.1 விழுக்காடு எப்போது மாறும்?

ஜெய் பீம்.